சரிந்த கரைக் குளத்தில் எத்தனை ஜின் மண்?

பர்மாவில் ரங்கூனுக்குப் பக்கத்து ஊரான சிரியத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து கோயில் கமிட்டித் தம்பி ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். கோயிலுக்குப் பின்னால் கிடக்கும் காலி நிலத்தில் குடிதண்ணீர்க் குளம் வெட்டப் போகிறார்கள். அடியில் 60 அடி நீளம், 40 அடி அகலம். ஆழம் 10 அடி. நான்கு பக்கமும் சரிவு; ஓர் அடி இறங்கினால் ஒன்றரை அடி உள்ளே வரவேண்டும். அப்படியானால் மேல்வாய் 90க்கு 70 ஆகிறது. மண் வெட்ட வந்த மேஸ்திரி 435 ஜின் (ஒரு ஜின் 100 கன அடி) என்கிறார். கமிட்டியில் இருக்கும் வாத்தியார் ஐயா 412½ என்கிறார். தம்பியின் அக்கா மகன் கைப்பேசியில் சூத்திரம் தேடிப் போட்டதில் 419.6 வருகிறது. மூன்று பேருக்கும் ஒரே அளவுதான் கொடுத்தது. "யார் கணக்கு சரி அண்ணே?" என்கிறார்.

மூன்றும் இல்லை தம்பி. அந்தக் குழி சரியாக 42,000 கன அடி, அதாவது 420 ஜின். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. மூன்று பேரும் மூன்று வழியில் போயிருக்கிறார்கள், மூன்று வழியும் மூலையில் போய்த் தடுமாறுகின்றன. அதை விளக்குகிறேன். ஆனால் இந்த 15 ஜின்னுக்காகக் கமிட்டியில் சண்டை போட்டுக்கொண்டிருக்காதீர்கள். அதைவிடப் பெரிய தொகை வேறு இடத்தில் கிடக்கிறது: 'ஒன்றரை' என்று வாயால் சொல்லிவிட்டுப் போன அந்தச் சரிவில்.

பர்மாவுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக ஒன்று. மண், மணல், சரளை எதுவானாலும் இங்கே ஜின் கணக்கில்தான் பேசுவோம். 10 அடிக்கு 10 அடி, ஓர் அடி ஆழம். அந்த 100 கன அடிதான் ஒரு ஜின். தமிழ்நாட்டில் லாரி மணலை 'ஒரு யூனிட்' என்று சொல்வார்களே, அதே அளவு. மீட்டரில் வேண்டுமென்றால் ஒரு ஜின்னை 2.83 கன மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்களத்தில் இன்னும் அடிதான் ஓடுகிறது, அதனால் நானும் அடியிலேயே சொல்கிறேன்.

மேஸ்திரி என்ன செய்தார்? மேல்வாய்ப் பரப்பு 6,300 சதுர அடி, அடிப் பரப்பு 2,400. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 4,350. ஆழம் பத்தால் பெருக்க 43,500. வாத்தியார் ஐயா நீளத்தைத் தனியாகவும் அகலத்தைத் தனியாகவும் சராசரி பார்த்தார்: 75க்கு 55, பரப்பு 4,125, பத்தால் பெருக்க 41,250. பையன் எடுத்தது தலை வெட்டிய பிரமிடுக்கான சூத்திரம். இரண்டு பரப்பையும் கூட்டி, அவற்றைப் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து அதையும் சேர்த்து, ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கால் பெருக்குவது. அது 41,961.

இப்போது குழியை மனதில் துண்டு போடுங்கள். நடுவில் நேர்ச்சுவர் உள்ள ஒரு பெட்டி: 60, 40, 10. அது 24,000 கன அடி. அதன் நான்கு பக்கமும் ஆப்பு மாதிரி நான்கு துண்டு. ஆப்பைக் குறுக்கே வெட்டினால் முக்கோணம்; மேலே 15 அடி, உயரம் 10 அடி, ஆக 75 சதுர அடி. அடியின் சுற்றளவு 200 அடி. 75ஐ 200ஆல் பெருக்கினால் 15,000. மிச்சம் இருப்பது நான்கு மூலைகள். ஒவ்வொரு மூலையும் தரையில் 15க்கு 15 சதுரமாகத் தொடங்கி, இறங்க இறங்கச் சுருங்கி, அடிமூலையில் ஒரு புள்ளியாய் முடிகிறது. அதன் கொள்ளளவு, 15க்கு 15க்கு 10 உள்ள பெட்டியில் மூன்றில் ஒரு பங்கு. பெட்டி 2,250, மூலை 750, நான்கு மூலைக்கும் 3,000. எல்லாம் கூட்டினால் 42,000.

பெட்டியிலும் ஆப்பிலும் யாருக்கும் தகராறு இல்லை. மேஸ்திரியின் வழி மூலையைப் பாதிப் பெட்டியாக எண்ணுகிறது, அதனால் 1,500 கன அடி கூடிவிட்டது. வாத்தியார் ஐயாவின் வழி கால் பெட்டியாக எண்ணுகிறது, அதனால் 750 குறைந்துவிட்டது. கூடினதும் குறைந்ததும் எப்போதுமே இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் இருக்கும். அதனால் இரண்டு விடையும் கையில் இருந்தால், வாத்தியார் விடையிலிருந்து மேஸ்திரி விடைப் பக்கமாக மூன்றில் ஒரு பங்கு தூரம் நடந்தால் சரியான விடையில் போய் நிற்பீர்கள்.

மூன்றில் ஒரு பங்கு எப்படி வந்தது என்று வேலைக்குப் புதிதாக வரும் பையன்கள் எல்லாரும் கேட்பார்கள். சலவைச் சோப்பை எல்லாப் பக்கமும் சமமாக நறுக்கி வைத்துக்கொள்வேன். ஒரு மூலையை விரலால் தொட்டுக்கொண்டு பார்த்தால், அந்த மூலை சேராத முகங்கள் மூன்று இருக்கும். ஒவ்வொரு முகத்தையும் அடியாகவும் விரல் தொட்ட மூலையை முனையாகவும் வைத்து நூலால் அறுத்தால் மூன்று துண்டு விழும். மூன்றும் அச்சில் வார்த்தது போல ஒன்றாகவே இருக்கும். ஒன்றைத் திருப்பி மற்றொன்றின் இடத்தில் வைக்கலாம். குளத்துக் களிமண்ணிலேயே செய்து பார்க்கலாம், ஆனால் சோப்பு சுத்தமாக அறும். கையில் அந்தத் துண்டைப் பிடித்துப் பார்த்தவனுக்குக் குளத்தின் மூலை மறக்காது.

பையன் போட்ட சூத்திரத்தில் தவறு இல்லை, உருவம்தான் பொருந்தவில்லை. மேலும் கீழும் ஒரே விகிதத்தில் இருக்கும்போதுதான் அது செல்லும். உங்கள் குளத்தில் கீழே நீளம் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு, மேலே கிட்டத்தட்ட 1.29 மடங்கு. நான்கு சரிவையும் பூமிக்குள் நீட்டிக்கொண்டே போனால் அவை ஒரு புள்ளியில் கூடாது. ஓட்டு வீட்டு முகட்டைக் கவிழ்த்தது போல ஒரு கோட்டில்தான் கூடும். குளம் சதுரமாக இருந்திருந்தால் அவன் கணக்கு அப்படியே சரி.

மூலையைப் பிரித்துப் பிரித்துப் போடச் சலிப்பாக இருந்தால் நடு ஆழத்துப் பரப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேல் பரப்பு ஒரு தரம், அடிப் பரப்பு ஒரு தரம், பாதி ஆழத்துப் பரப்பு நான்கு தரம். எல்லாம் கூட்டி, ஆழத்தால் பெருக்கி, ஆறால் வகுக்க வேண்டும். 6,300, 2,400, நடுவுக்கு 4,125ஐப்போல் நான்கு மடங்கு 16,500. கூட்டினால் 25,200. பத்தால் பெருக்கி ஆறால் வகுத்தால் 42,000. இந்த ஒரு வழி சதுரக் குளம், நீள்சதுரக் குளம், நேராகப் போகும் கால்வாய், ஒரு முனை ஆழமாகவும் மறுமுனை மேடாகவும் இருக்கும் பள்ளம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். மாஸ்கோவில் இருக்கும் எகிப்தியப் பாப்பிரஸ் ஒன்றில், ஏறத்தாழ 3,850 ஆண்டுக்கு முந்தியது, ஒரு கணக்கு உண்டு: அடி 4க்கு 4, மேல் 2க்கு 2, உயரம் 6, கொள்ளளவு என்ன? விடை 56 என்று எழுதியிருக்கிறான் அந்தக் கணக்கன். நம் வழியில் போட்டுப் பாருங்கள்: 16, 4, நடு 3க்கு 3 ஒன்பது, நான்கு மடங்கு 36. கூட்டினால் 56, ஆறால் பெருக்கி ஆறால் வகுத்தால் அதே 56. எத்தனை தலைமுறைக்கு முன்னால் எவனோ ஒருவன் மண்ணையும் கல்லையும் அளக்க உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்திருக்கிறான் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு நிறைகிறது.

சரி, இப்போது சரிவுக்கு வருவோம்.

அடியும் ஆழமும் அப்படியே இருக்கட்டும். ஓர் அடி இறங்க ஓர் அடி என்று சரித்தால் 353 ஜின். ஒன்றரை என்றால் 420. இரண்டு என்றால் 493. அரை அடி மாற்றத்துக்கு 70 ஜின் போகிறது அல்லது வருகிறது. நீங்கள் மூன்று பேர் கணக்கை வைத்துக்கொண்டு தவிக்கும் 15 ஜின் இதற்கு முன்னால் எந்த மூலை? அதோடு, பத்திரத்தில் '1.5க்கு 1' என்று மட்டும் எழுதிவிட்டால் ஒருவர் ஒன்றரை அகலம் என்று படிப்பார், இன்னொருவர் ஒன்றரை ஆழம் என்று படிப்பார். ஆழம் என்று படித்தால் மேல்வாய் 73 அடி 4 அங்குலம்தான், மண் 313 ஜின்தான். நூறு ஜின்னுக்கு மேல் ஓட்டை! அதனால் எழுத்தில் இப்படிப் போடுங்கள்: "ஓர் அடி ஆழத்துக்கு ஒன்றரை அடி அகலம்; அடி 60க்கு 40; தரைமட்டத்தில் 90க்கு 70; பாதி ஆழத்தில் 75க்கு 55." மூன்று மட்டத்து அளவையும் எழுதிவிட்டால் சரிவு என்ற சொல்லே தேவையில்லை.

எந்தச் சரிவு வைப்பது என்பதை மண்தான் சொல்லவேண்டும், மேஸ்திரியோ கமிட்டியோ இல்லை. சிரியம் மேட்டுப் பக்கம் செம்புரை மண் கெட்டியாக நிற்கும். அங்கிருந்து ஆற்றுப் பக்கம், டல்லாப் பக்கம் இறங்கினால் மேலே கொஞ்சம் பழுப்புக் களி, அதற்குக் கீழே சாம்பல் நிறச் சேறு. கைக்கோடாலியால் வெட்டினால் வெண்ணெய் போல் வழுக்கிக்கொண்டு வரும். ஆள் இறங்கி வேலை செய்யும் 20 அடிக்குட்பட்ட தற்காலிகக் குழிகளுக்கு அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதியில் மூன்று படி வைத்திருக்கிறார்கள்: கெட்டிக் களிக்கு அடிக்கு முக்கால், நடுத்தர மண்ணுக்கு ஒன்று, தளர்ந்த அல்லது நீர் கசிகிற மண்ணுக்கு ஒன்றரை. அது சில வாரங்களுக்குத் திறந்திருக்கும் குழிக்கு. உங்கள் குளம் வருஷக்கணக்கில் நிற்கவேண்டும். மழையில் கரை முழுக்க ஊறும்; மாசி, பங்குனியில் தண்ணீர் இறங்கும்போது ஈரம் சுமந்த கரைக்குத் தாங்கல் போய்விடும். சரிந்து விழுவது பெரும்பாலும் அப்போதுதான். ஒப்பந்தம் பேசும் முன் இரண்டு இடத்தில் 11 அடிக்குச் சோதனைக் குழி போட்டுப் பாருங்கள். ஆள் யாரும் அதற்குள் இறங்கவேண்டாம், மேலே வரும் மண்ணைப் பார்த்தால் போதும். கீழே சாம்பல் சேறு வந்தால் தயங்காமல் இரண்டுக்குப் போங்கள். 73 ஜின் கூடுதல் செலவு வலிக்கும்தான். சரிந்த கரையைச் சேற்றோடு அள்ளி மறுபடி கட்டும் செலவு அதைவிட வலிக்கும்.

எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும்போது பெகு பக்கம் ஒரு குளத்துக்கு அளவெடுக்கப் போனேன். மேல்வாயைக் கயிறு பிடித்து அளந்தேன், சரியாக இருந்தது. அடியை அளந்தேன், அதுவும் சரி. எழுதிக் கையெழுத்துப் போடப்போகும் நேரத்தில், கூட வந்த பெரியவர், மண்வேலையிலேயே காலம் போக்கியவர், "நடுவில் பிடிச்சியா தம்பி?" என்றார். ஒரு மூங்கிலில் பாதி ஆழத்துக்குத் துணி கட்டி, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் அந்த மட்டத்தில் நூல் இழுத்தோம். கரை உள்பக்கமாக வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு பக்கமும் ஓர் அடிக்கு மேல். மேலேயும் கீழேயும் கோட்டைத் தொட்டுவிட்டு நடுவில் வெட்டாமல் விட்டிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியவே இல்லை. உங்கள் குளத்தில் அதே மாதிரி நடுவில் ஓர் அடி வயிறு தள்ளினால் 75க்கு 55 என்பது 73க்கு 53 ஆகும்; 17 ஜின் மண் உள்ளேயே நிற்கும், பணம் மட்டும் வெளியே போயிருக்கும். நடுப் பரப்பை நான்கு மடங்காக எடுக்கும் வழியை நான் விடாமல் பிடித்திருப்பதற்கு இதுதான் காரணம். அந்த வழி உங்களை நடுவில் அளக்க வைக்கும்.

அளக்கும்போது இன்னொரு இடத்திலும் கவனம் வேண்டும். டேப்பைச் சரிவின் மேலேயே படுக்க வைத்து ஆழம் எடுக்கக்கூடாது. 10 அடி ஆழத்துக்கு ஒன்றரைச் சரிவில் கரையின் நீளம் 18 அடி வரும். ஆழம் என்றால் மேல்மட்டத்தில் நூல் கட்டி, அதிலிருந்து குண்டு தொங்கவிட்டு எடுப்பது. சரிவை வெட்டிக்கொண்டு வரும்போதே சரிபார்க்க மரச்சட்டத்தில் ஒரு முக்கோணம் செய்து கொடுங்கள்: படுக்கைச் சட்டம் 3 அடி, நிற்கும் சட்டம் 2 அடி, படுக்கைச் சட்டத்தின் மேல் ஒரு ரசமட்டம். சாய்ந்த சட்டத்தைக் கரையில் வைத்து ரசமட்டக் குமிழ் நடுவில் நின்றால் சரிவு சரி. பத்தாம் வகுப்புப் பையன் கையில் கொடுத்தாலும் போதும்.

90க்கு 70 என்ற மேல்வாய், தரை மட்டமாக இருந்தால்தான் உண்மை. கோயில் நிலம் ஒரு பக்கம் ஓர் அடி தாழ்ந்திருக்கலாம், பார்வைக்குத் தெரியாது. தரை சராசரியாக அரை அடி தாழ்வாக இருந்தாலே 30 ஜின்னுக்கு மேல் குறைந்துவிடும். அதனால் மண்வெட்டி விழும் முன்னாலேயே தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பிடித்து, 10 அடிக்கு ஒரு புள்ளியாக உயரம் குறித்துக்கொள்ளுங்கள். கோயில் படிக்கட்டில் அசையாத ஒரு கல்லை ஆதாரமாக வைத்து, எல்லா உயரத்தையும் அதிலிருந்து சொல்லுங்கள். சராசரி எடுக்கும்போது மூலைப் புள்ளியை ஒரு தரம், ஓரப் புள்ளியை இரண்டு தரம், உள்ளே இருக்கும் புள்ளியை நான்கு தரம் எண்ணவேண்டும், ஏனென்றால் உள்புள்ளி நான்கு கட்டத்துக்குச் சொந்தம். வெட்டி முடித்த பிறகு பழைய தரை எங்கே இருந்தது என்று கடவுளைத் தவிர யாருக்கும் தெரியாது. நடுவில் ஒரு மண்திட்டை வெட்டாமல் விட்டுவைப்பது பழைய வழக்கம். சாட்சித் திட்டு என்போம். அதன் தலையில் பழைய புல் அப்படியே இருக்கும். கடைசி அளவு எடுத்த பிறகுதான் அதை வெட்டவேண்டும்.

பணம் கொடுக்கும் தவணையிலும் சரிவு வேலை காட்டும். ஐந்தடி ஆழம் போனதும் பாதி வேலை முடிந்தது என்று தோன்றும். அப்படி இல்லை. மேல் ஐந்தடியில் 25,875 கன அடி, கீழ் ஐந்தடியில் 16,125 மட்டும். பாதி ஆழம் போனபோது மண்ணில் நூற்றுக்கு 62 பங்கு வெளியே வந்துவிட்டது. மேஸ்திரி அப்போது 62 பங்குக்குப் பணம் கேட்டால் அது நியாயம், கொடுத்துவிடுங்கள். கீழ்மண்ணைத் தூக்க நேரமும் டீசலும் கூடுதலாகும், அதையும் முன்னாலேயே பேசிக்கொள்ளலாம். இதே எண்ணிக்கை தண்ணீருக்கும் பொருந்தும். குளம் பாதி இறங்கிவிட்டது என்று பங்குனியில் நினைக்கும்போது உண்மையில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் போயிருக்கும்.

அடுத்தது லாரி. பூமிக்குள் இறுகிக் கிடந்த மண் வெளியே வந்ததும் பொங்கும். களிமண் நூற்றுக்கு 25 முதல் 40 வரை பொங்கும், மணல் 10 முதல் 15. உங்கள் களிக்கு 30 என்று வைத்துக்கொண்டால் குழியில் 420 ஜின், லாரியில் 546 ஜின். ஒப்பந்தத்தில் 'ஜின்னுக்கு இவ்வளவு' என்று மட்டும் எழுதினால், எந்த ஜின்? குழி ஜின்னா, லாரி ஜின்னா? 126 ஜின் வித்தியாசம் இந்த ஒரு சொல்லில் நிற்கிறது. 'குழியில் அளந்த ஜின்' என்று எழுதுங்கள். லாரி வாடகைக்கு மட்டும் பொங்கின கணக்கு. லாரிப் பெட்டியின் உள்ளளவு 12க்கு 7க்கு 3 என்றால் 252 கன அடி; விளிம்பு மட்டத்துக்கு நிரப்பினால் மொத்தம் 217 நடை. குவித்து ஏற்றினால் நடை குறையும், ஆனால் கோயில் தெரு முழுக்க மண் சிந்தும்.

எல்லா மண்ணையும் வெளியே அனுப்பவும் வேண்டாம். குளத்தைச் சுற்றி ஒரு கரை போடுங்கள்: உச்சி 4 அடி, உயரம் 3 அடி, இரண்டு பக்கமும் ஒன்றரைச் சரிவு, அடி 13 அடி. குறுக்கு வெட்டு 25½ சதுர அடி. குளத்தின் விளிம்பிலிருந்து 6 அடி தள்ளிப் போடவேண்டும். விளிம்பிலேயே மண்ணைக் குவித்தால் அந்தப் பாரமே குளத்தின் சரிவை உள்ளே தள்ளிவிடும். அப்படிப் போட்டால் கரையின் நடுக்கோடு 115க்கு 95, சுற்று 420 அடி, மண் 10,710 கன அடி. இது இடித்து இறுக்கிய அளவு. இறுக்கினால் மண் பழைய இடத்தில் இருந்ததைவிடவும் சுருங்கும். பத்தில் ஒரு பங்கு சுருங்குவதாக வைத்தால் குழியிலிருந்து 119 ஜின் இதற்கே போகும். வெளியே போகவேண்டியது 301 ஜின், பொங்கின பிறகு 391, லாரி 156 நடை. 61 நடை மிச்சம்! புல்வேர் உள்ள மேல் அரை அடியையும் அடிச் சேற்றையும் மட்டும் கரைக்குப் போடாதீர்கள். வேர் மக்கினால் கரைக்குள் ஓட்டை விழும்.

கரை அடைத்துவிட்டால் தண்ணீர் எப்படி வரும் என்று கமிட்டியில் கேட்பார்கள். ரங்கூன் பக்கம் வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. எட்டடி என்றே வையுங்கள். 6,300 சதுர அடி வாயில் எட்டடி மழை நேராக விழுந்தால் 50,400 கன அடி. ஓர் அடி குறைத்து ஒன்பதடிக்கு நிரப்பினால் குளம் கொள்வது 35,937, கிட்டத்தட்ட 10 லட்சம் லிட்டர். ஆவியும் கசிவும் போக, வானத்துத் தண்ணீரே போதும். தெருத் தண்ணீரையும் மாட்டுச் சாணத்தையும் உள்ளே விடவேண்டிய அவசியமே இல்லை. கோடையில் உவர் ஏறும் ஓடைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் உங்களுக்குக் கரைதான் காவல். எவ்வளவு கொள்ளும் என்று கணக்குப் போடும்போதும் மண்ணுக்குப் போட்ட அதே மூலைக் கணக்குதான், ஆழம் மட்டும் ஒன்பது.

படித்துறைக்கும், இயந்திரம் இறங்கும் பாதைக்கும் வெட்டும் மண் இந்த 420க்குள் அடங்காது. அவற்றைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டு அஸ்திவாரக் குழிக்கும் இதே கேள்வி வருகிறது, அதனால் அதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடி அளவு என்பது கான்கிரீட்டின் அளவு இல்லை; ஆள் நின்று வேலை செய்ய ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை, இரண்டடி சேர்த்த அளவு. சில ஒப்பந்தங்களில் கான்கிரீட் அளவை நேராக ஆழத்தால் பெருக்கித்தான் பணம், சரிவுக்குத் தனிப்பணம் கிடையாது. அப்படி இருந்தால் மேஸ்திரி சரிவைச் சேர்த்து விலை சொல்லியிருக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள். இல்லாவிட்டால் நேர்ச்சுவராக வெட்டிவிட்டு ஆளை உள்ளே இறக்குவார். அதில் போவது மண் இல்லை, உயிர். நீளமான குழாய்ப் பள்ளத்துக்கு மூலைக் கவலை பெரிதாக இல்லை. குறுக்கு வெட்டுப் பரப்பை நீளத்தால் பெருக்கினால் போதும். ஆழம் வழியில் மாறினால் 50 அடிக்கு ஒரு குறுக்கு வெட்டு எடுங்கள்.

வேலையைத் தையிலேயே தொடங்கிவிடுங்கள் தம்பி. நம் சித்திரைப் பிறப்பும் பர்மியர்களுடைய தண்ணீர்த் திருவிழாவும் ஒரே வாரத்தில் வரும். அப்போது கூலியாள் ஒருவர் கூடக் கிடைக்கமாட்டார், திரும்பி வருவதற்குள் மே மாத மழை தலைக்கு மேல் நிற்கும். திருவிழாவுக்கு ஊருக்குக் கிளம்பும் முன்னால், குழி காய்ந்து கிடக்கும்போதே, மேஸ்திரியையும் வாத்தியார் ஐயாவையும் உங்கள் அக்கா மகனையும் சேர்த்து நிறுத்தி மேல், நடு, அடி மூன்றையும் ஒரே நாளில் அளந்து, மூன்று பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சாட்சித் திட்டை அன்றைக்குச் சாயங்காலம் வெட்டிக்கொள்ளலாம்.